கருத்த கல்லும் முருகைக்கல்லும்

நமது முத்துக்குளித்துறை ஊர்களில் பழைய கோவிலை இடித்துப் புதியது கட்டும் ஆர்வம் மிகுந்து வருகின்றது. இவ்வேளையில், ஜெர்மானியர் இடிந்த கோவிலொன்றை எடுத்துக் கட்டிய சரித்திரத்தை நம் கல்லூரி அன்பர்கள் அறிதல் நலமென எண்ணுகின்றோம்.

டிரெஸ்டன் நகரத்து மாதா கோவில், ஜார்ஜ் பேர் என்னும் சிற்பியின் திட்டப்படி 1726 முதல் 1743 வரை கட்டப்பட்டது. (லுத்தரன் சபையார் கோவில் மாதாவின் பெயர் தாங்குவது சிலருக்கு விந்தையாயிருக்கலாம், பழைய பெயரை அவர்கள் மாற்றவில்லை.) 1945 பிப்ரவரி 13 இரவு ஆங்கிலேய விமானங்கள் பொழிந்த குண்டுகளால் நகரம் தீப்பற்றியது. கோவில் உடனே விழவில்லை. வெந்த தூண்கள் பாரம் தாங்கமாட்டாமல், 15ஆம் நாள் காலையில் கல்மாடம் முழுவதும் சரிந்தது. நாற்பதாண்டுகளுக்கு மேல் அக்கற்குவியல் நகர நடுவே கிடந்தது.

இடிபாடு அவ்வாறே கிடந்து போரின் கொடுமையை உணர்த்தட்டும் என்றாரும் உளர். கட்டவேண்டும் என்றோரே வென்றனர். 1993இல் குவியலைப் பிரிக்கத் தொடங்கியபொழுது, கற்கள் கிடந்த இடத்தைக் குறித்து, அளந்து, படமெடுத்து, எண்ணிட்டு அடுக்கினர். ஆயிரக்கணக்கான கற்கள் மீண்டும் சுவரேறின. போதாதவற்றிற்குப் புதுக்கல் வெட்டினர். 2005 அக்டோபர் 30இல் பிரதிஷ்டையான அக்கோவிலில், வெளிறிய புதுக்கல்லினிடையே பழையது கருத்துத் தோன்றும். அதனை மறைக்க எவரும் முயலவில்லை. உச்சிச் சிலுவையைச் செய்தவர், அந்நகரின்மேல் குண்டு வீசிய விமானி ஒருவரின் மகனாகிய இலண்டன் பொற்கொல்லர்.

நிற்க. இழந்து மீண்டும் கட்டுதல் தூத்துக்குடிக்கும் புதிதன்று. 1658இல் ஒல்லாந்தர் இத்துறைமுகத்தைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றவே, பரதவர் தம் கோவில்களை இழந்தனர். மாதாவின் சுரூபத்தை வெளியே கொண்டுபோய்க் காத்தனர் என்பது மரபு. இன்றுள்ள பனிமய மாதா கோவில் எழுந்தது 1713இல். அப்பொழுதும் ஆட்சி ஒல்லாந்தருடையதே.

அன்று அந்நியர் செய்ததை இன்று சமாதான காலத்தில் நாமே செய்வது முறையா? சபை பெருகிவிட்டது, இடம் போதவில்லை, உப்புக்காற்றில் சுவர் உதிர்கின்றது என்பர். உண்மையே. ஆயினும் அச்சுவர் எதனால் ஆயது? இக்கரையின் பழங்கட்டடங்கள் பலவற்றிற்குக் கல்லாயும் சுண்ணாம்பாயும் உதவியது கடலினின்று பெயர்த்த முருகைக்கல், அஃதாவது பவளப்பாறை. மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்காவாயுள்ளன. பவளம் எடுப்பது இன்று சட்டப்படி குற்றம். அத்தடை நியாயமானதே, பாறையை வெட்டியெடுத்ததன் பயனாக இருபத்தொரு தீவுகளில் இரண்டு நீரில் அமிழ்ந்தன. டிரெஸ்டன் மக்களுக்குப் பழைய ஜாதிக் கல்லே மலையிலிருந்து மறுபடியும் கிடைத்தது. நமக்கோ, எத்தனை இலட்சம் கொடுப்பினும் அக்கல் கிடையாது.

ஆதலின் புதுக்கோவிலைப் பக்கத்திலே கட்டுக. இயலாதெனின், பழைய பீடச் சுவரையேனும் புதியதனுள் நிறுத்துக. இடித்தே தீரவேண்டுமாயின், முதலில் அளந்து படமெடுத்தல் வேண்டும். இதற்கு வல்லுநர் வரும்வரை காத்திருக்க வேண்டுவதில்லை. கடற்கரை ஊர் மாணவர் கோடை விடுமுறையில் அளவுநாடாவும் கைப்பேசியுமாகச் சென்று தத்தம் ஊர்க் கோவிலைக் குறித்து வருவராயின், அக்குறிப்புகளுக்கு நம் நூலகத்தில் ஓர் அலமாரி ஒதுக்குவது அரிதன்று.