சிறுவன் ஏந்தி வந்த குருவி



இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மும்பையில் ஒரு சிறுவன் விளையாட்டுத் துப்பாக்கியால் ஒரு குருவியைச் சுட்டு வீழ்த்தினான். அதன் தொண்டையில் மஞ்சள் நிறம் தீட்டியதுபோல் இருந்தது. ‘இது என்ன குருவி?’ என்னும் கேள்வியோடு, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் படியேறினான். அங்கே செயலாளராயிருந்த மில்லார்டு என்பவர் அவனை விரட்டவில்லை. குருவியின் பெயரைச் சொன்னார். பாடம் செய்து வைத்திருந்த பறவைகளை ஒவ்வொன்றாகக் காட்டினார். படிக்கப் புத்தகங்களும் தந்தனுப்பினார். அச்சிறுவனே பின்னாளில் பறவையியல் மேதையாக விளங்கிய சாலிம் அலி. அவர் எழுதிய இந்தியப் பறவைகள் பற்றிய நூல் 1941-ஆம் ஆண்டு வெளிவந்தது.

ஒரு கேள்வி, அதற்குச் செவிகொடுத்த ஒரு பெரியவர், இரவலாகக் கிடைத்த சில புத்தகங்கள். இம்மூன்றையும் நம் பிள்ளைகளுக்கு அளிக்க வல்லது ஊர் நூலகமே அன்றோ?

பெருமாநல்லூர் வட்டாரத்து வாழ்க்கையை நாம் அறிவோம். தாயும் தந்தையும் பனியன் கம்பெனிக்குச் சென்றுவிட, விடுமுறை நாளில் பிள்ளைகள் லைன் வீட்டுக்குள் கைப்பேசியோடு அடைந்து கிடக்கின்றனர். ஆனால் அவ்வீட்டு வாசலிலேயே மைனா உண்டு. மின்கம்பியில் கரிச்சான் உண்டு. முருங்கைப் பூவில் தேன்சிட்டு உண்டு. பார்க்கக் கற்பிப்பார்தாம் இல்லை.

ஆகவே, வாசகர் வட்டத்தினரும் ஆசிரியர்களும் கூடி, மாதத்தில் ஒரு ஞாயிறு காலையைப் பிள்ளைகளுக்கென ஒதுக்கலாம். நூலகத்தைச் சுற்றிப் பதினைந்து நிமிடம் அமைதியாய் நடந்து, கண்டதைக் குறிப்பேட்டில் எழுதச் செய்தால் போதும். பைனாகுலர் பிறகு வரட்டும். கூட்டின் அருகே செல்லலாகாது என்பதே முதற்பாடம். வீடு திரும்பியதும், அப்பறவைக்குப் பாட்டி வழங்கும் பெயரைக் கேட்டு எழுதட்டும். அறிஞர் க. ரத்னம் ‘தமிழில் பறவைப் பெயர்கள்’ என்னும் நூலில் தொகுத்தளித்த செல்வம் இத்தகையதே. பிழைப்புக்காக வடமாநிலத்திலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளை தன் மொழியில் ஒரு பெயர் சொன்னால், அதுவும் ஏட்டில் ஏறட்டும்.

பழகிய கண்களுக்கு அடுத்த பள்ளிக்கூடம் அருகிலேயே உள்ளது. நல்லாற்று நீர் வந்து சேரும் நஞ்சராயன் குளம் 2022-ஆம் ஆண்டு பறவைகள் சரணாலயமாயிற்று. 2024 ஆகஸ்டில் ராம்சார் ஈரநிலங்களின் பட்டியலிலும் இடம்பெற்றது. ஏறத்தாழ 126 ஹெக்டேர் பரப்புள்ள அக்குளத்தில், இமயத்தைக் கடந்து வரும் வரித்தலை வாத்துகளும் காணப்பட்டதுண்டு. பெரியவர்களின் துணையோடு மட்டுமே பிள்ளைகள் கரைக்குச் செல்ல வேண்டும். 2015 முதல் தமிழகத்தில் நடைபெற்றுவரும் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பில் அவர்களின் குறிப்பேடும் பயன்படும்.

இதனால் என்ன பயன் என்று வினவுவோர் உளர். சாயக்கழிவால் நொய்யல் பட்ட பாட்டை நாம் கண்டோம். 2011-இல் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டபோது, எத்தனை வீடுகளில் அடுப்பு அணைந்தது! நீர் கெட்டால் பிழைப்பும் கெடும். நீர்க்காகத்தின் பெயரறிந்த பிள்ளை, அது வாராத ஆண்டில் ஏன் வரவில்லை என்று கேட்கும். அக்கேள்வியைக் கேட்கத் தெரிந்த ஒரு தலைமுறை நமக்குத் தேவை.

வரும் ஞாயிறன்று உங்கள் பிள்ளையின் கைபிடித்து நூலகத்துக்கு அழைத்துச் செல்வீர்களா?