பெட்ரோல் பங்க்ல வர்ற அந்த வாசனை... காற்றில் கலப்பது என்ன? 'வி.ஆர்.எஸ்.' விதி யாருக்குப் பொருந்தும், யாருக்குப் பொருந்தாது?

பைக்கை ஸ்டாண்ட் போட்டு, டேங்க் மூடியைத் திறந்து, "அண்ணே, 200 ரூபாய்க்கு போடுங்க" என்று சொன்ன அடுத்த நொடி மூக்கில் ஏறும் அந்த வாசனை எல்லோருக்கும் தெரியும். சிலருக்கு அது பிடிக்கவும் செய்யும். ஆனால் அது வெறும் வாசனை இல்ல. டேங்கில் இருந்து வெளியே தள்ளப்படும் பெட்ரோல் ஆவி. அதில் பென்சீன் என்ற ரசாயனமும் இருக்கிறது. மனிதர்களுக்குப் புற்றுநோயை உண்டாக்கும் என்று உறுதியான பொருட்களின் பட்டியலில், சர்வதேச புற்றுநோய் ஆராய்ச்சி முகமை வைத்திருக்கும் பெயர்களில் பென்சீனும் ஒன்று.

பெட்ரோல் போட்டுக்கிட்டு போறவருக்கு இது இரண்டு நிமிஷ விஷயம். நாசிலைப் பிடித்து நிற்கும் ஊழியருக்கு? ஷிப்ட் முழுக்க, வருஷம் முழுக்க அதே காற்றுதான். இந்த ஆவியைப் பிடிக்க ஒரு கருவி இருக்கிறது, அதற்கு ஒரு விதியும் இருக்கிறது, உச்ச நீதிமன்றம் வரைக்கும் போன வழக்கும் இருக்கிறது. ஆனாலும் எல்லா பங்க்கிலும் அந்தக் கருவி இல்லை. ஏன்?

ஆவி எங்கிருந்து வருது?

காலி டேங்க் என்று நாம் சொன்னாலும் அது உண்மையில் காலி இல்ல. திரவ பெட்ரோல் தீர்ந்த இடத்தை ஆவி நிரப்பியிருக்கும். ஒரு லிட்டர் பெட்ரோல் உள்ளே போனால், கிட்டத்தட்ட ஒரு லிட்டர் அளவு ஆவி கலந்த காற்று வெளியே வந்தாக வேண்டும். வேற வழியே இல்ல.

இது பைக் டேங்கில் மட்டும் நடப்பதில்லை. பெட்ரோல் ஒவ்வொரு முறை இடம் மாறும்போதும் இதே கதைதான். எண்ணெய் நிறுவனத்தின் டெர்மினலில் பெரிய தொட்டியில் இருந்து டேங்கர் லாரிக்கு ஏற்றும்போது ஒரு முறை. லாரியில் இருந்து பங்க்கின் நிலத்தடி டேங்கில் இறக்கும்போது இன்னொரு முறை. கடைசியாக உங்க வண்டியில் ஊற்றும்போது. பங்க்கின் ஓரத்தில் உயரமாக, ஒல்லியாக நிற்கும் குழாய்களைப் பார்த்திருப்பீர்கள். அவை நிலத்தடி டேங்க் 'மூச்சு விடும்' குழாய்கள். லோடு இறங்கும்போது உள்ளே இருக்கும் ஆவி அந்த வழியாகத்தான் வெளியேறும்.

டீசலில் இந்தப் பிரச்னை பெரிதாக இல்லை. டீசல் அவ்வளவு சுலபத்தில் ஆவியாகாது. அதனால்தான் இந்த விதிகள் எல்லாம் பெட்ரோலையே குறி வைக்கின்றன.

எவ்வளவு போகுது?

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை பயன்படுத்தும் ஒரு கணக்கு உண்டு. எந்தத் தடுப்பும் இல்லாமல் வண்டியில் ஒரு லிட்டர் பெட்ரோல் ஊற்றினால், சுமார் 1.32 கிராம் ஆவியாகக் காற்றில் போகிறது. லாரியில் இருந்து நிலத்தடி டேங்கில் இறக்கும்போது லிட்டருக்கு சுமார் 0.88 கிராம். அதுவும் குழாய் டேங்கின் அடி வரை போய் இறக்கினால்தான் இந்த அளவு. மேலிருந்து கொட்டினால் இன்னும் அதிகம்.

கிராம் கணக்கு சின்னதாகத் தெரியும். பெருக்கிப் பார்த்தால் தெரியும் சேதி. 12,000 லிட்டர் லாரி ஒன்று லோடு இறக்கினால் சுமார் 10.5 கிலோ ஆவி. மாதம் 3 லட்சம் லிட்டர் பெட்ரோல் விற்கும் பங்க்கில், வண்டிகளுக்கு ஊற்றும்போது மட்டும் மாதம் சுமார் 396 கிலோ. இது ஒரு பொதுவான கணக்குதான். வெயில், பெட்ரோலின் தன்மை இவற்றைப் பொறுத்து மாறும். வெப்பம் கூடினால் ஆவியாவதும் கூடும்.

உடம்புக்கு என்ன ஆகும்?

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. அதனால் மேலே பறந்து போகாமல், தரையை ஒட்டியே தங்கிப் பரவும். தீப்பிடிக்கும் ஆபத்துக்கும் இதுதான் காரணம்.

அதிகமாக சுவாசித்தால் தலைவலி, தலைசுற்றல் வரும். நீண்ட காலத்துக்கு பென்சீனை சுவாசித்தால் அது எலும்பு மஜ்ஜையைப் பாதிக்கும், ரத்தப் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டும். 'இந்த அளவு வரைக்கும் பரவாயில்ல' என்று சொல்லக்கூடிய பாதுகாப்பான அளவு பென்சீனுக்கு இல்லை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு.

இந்தியாவின் தேசிய காற்றுத் தர வரம்பு 2009-ல் வெளியானது. அதன்படி காற்றில் பென்சீனின் ஆண்டு சராசரி ஒரு கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது. பிஎஸ் 6 பெட்ரோலில் பென்சீன் 1 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்ற கட்டுப்பாடும் இருக்கிறது.

ஆனால் இதில் ஒரு ஓட்டை இருக்கு. மொபைலில் நாம் தினமும் பார்க்கும் காற்றுத் தரக் குறியீடு, அதாவது ஏ.க்யூ.ஐ., 8 மாசுகளை வைத்துக் கணக்கிடப்படுகிறது. அந்த எட்டில் பென்சீன் கிடையாது. ஆகவே ஆப்பில் பச்சை நிறம் காட்டினாலும், பங்க்கில் நாசில் பக்கத்தில் நிற்பவர் எதை சுவாசிக்கிறார் என்று அது சொல்லாது.

இன்னொரு பாதிப்பு ஊருக்கே பொதுவானது. பெட்ரோல் ஆவி, வண்டிப் புகையில் இருக்கும் நைட்ரஜன் ஆக்சைடுகளுடன் வெயிலில் சேர்ந்து ஓசோனை உருவாக்கும். வானத்தில் உயரே நம்மைக் காக்கும் ஓசோன், தரைமட்டத்தில் உருவானால் நுரையீரலுக்கு எதிரி.

'வி.ஆர்.எஸ்.' என்றால் என்ன?

விருப்ப ஓய்வுத் திட்டம் இல்லீங்க! இது 'வேப்பர் ரெக்கவரி சிஸ்டம்', அதாவது ஆவி மீட்பு அமைப்பு. இரண்டு கட்டமாக வேலை செய்யும்.

முதல் கட்டம், லாரி லோடு இறக்கும்போது. பெட்ரோல் இறங்கும் குழாயோடு இன்னொரு குழாயையும் மாட்டுவார்கள். நிலத்தடி டேங்கில் இருந்து வெளியேறும் ஆவி, காற்றுக்குப் போகாமல் அந்தக் குழாய் வழியாக லாரிக்குள்ளேயே திரும்பிப் போகும். லாரி அதைச் சுமந்துகொண்டு டெர்மினலுக்குப் போனால், அங்கே இருக்கும் கருவி அதைப் பிடித்து மறுபடி பெட்ரோலாக மாற்றும். இப்படிச் செய்தால் லிட்டருக்கு 0.88 கிராம் என்ற இழப்பு சுமார் 0.04 கிராமாகக் குறையும் என்கிறது அதே அமெரிக்கக் கணக்கு.

இரண்டாம் கட்டம், வண்டிக்கு ஊற்றும்போது. நாசிலைச் சுற்றியுள்ள துளைகள் வழியாக ஒரு சின்ன பம்ப் ஆவியை உறிஞ்சி, நிலத்தடி டேங்குக்கே திருப்பி அனுப்பும்.

டெர்மினலில் இருக்கும் பெரிய தொட்டிகளுக்கு வேறு ஏற்பாடு. அங்கே மிதக்கும் கூரை போடுவார்கள். பெட்ரோல் மட்டம் ஏறினால் கூரையும் ஏறும், இறங்கினால் கூரையும் இறங்கும். நடுவில் ஆவி சேர இடமே இருக்காது.

விதி என்ன சொல்லுது?

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020 ஜனவரியில் புதிய பெட்ரோல் பங்க்குகளுக்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. முக்கியமான அம்சங்கள் இவை:

* பள்ளிகள், 10 படுக்கைக்கு மேல் உள்ள மருத்துவமனைகள், குடியிருப்புகள் ஆகியவற்றில் இருந்து 50 மீட்டர் தள்ளித்தான் புதிய பங்க் வர வேண்டும். இட நெருக்கடி இருந்தால், கூடுதல் பாதுகாப்பு ஏற்பாடுகளோடு 30 மீட்டர் வரை அனுமதி.

* மாதம் 300 கிலோலிட்டர், அதாவது 3 லட்சம் லிட்டர் பெட்ரோல் விற்கும் வாய்ப்புள்ள புதிய பங்க்கில், திறக்கும்போதே வி.ஆர்.எஸ். இயங்க வேண்டும்.

* பொருத்தாவிட்டால், அந்தக் கருவியின் விலைக்குச் சமமான தொகையை சுற்றுச்சூழல் இழப்பீடாகக் கட்ட வேண்டும்.

ஏற்கனவே இயங்கும் பங்க்குகள்? அங்கேதான் தமிழ்நாட்டுக்கு நேரடித் தொடர்பு வருகிறது. சென்னையைச் சேர்ந்த ஒருவர் தொடர்ந்த வழக்கு, தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வுக்கு வந்தது. பங்க்குகள் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் தனியாக இசைவு பெற வேண்டும், வி.ஆர்.எஸ். பொருத்த வேண்டும் என்று தீர்ப்பாயம் உத்தரவிட்டது. எண்ணெய் நிறுவனம் உச்ச நீதிமன்றம் போனது.

2023-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தனி இசைவு தேவையில்லை என்று அந்தப் பகுதியை நீக்கியது. வி.ஆர்.எஸ். விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. 10 லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள நகரங்களில், மாதம் 300 கிலோலிட்டருக்கு மேல் விற்கும் பங்க்குகளில் குறிப்பிட்ட காலத்துக்குள் பொருத்தப்படுவதை உறுதி செய்ய வேண்டும் என்றது.

அப்போ யார் வெளியே?

இந்த வரியை இன்னொரு முறை படித்தால் சிக்கல் புரியும். நகரமும் பெரிதாக இருக்கணும், விற்பனையும் பெரிதாக இருக்கணும். சென்னை, கோவை, மதுரை போன்ற நகரங்களில் ஓஹோவென்று ஓடும் பங்க்குகள் உள்ளே வரும். விருதுநகரிலோ தஞ்சாவூரிலோ பஸ் ஸ்டாண்டை ஒட்டி, இரண்டு பக்கமும் கடைகளும் வீடுகளும் நெருக்கிக்கொண்டு நிற்கும் பழைய பங்க் வராது.

பெரிய நகரத்துக்குள்ளேயே இன்னொரு கணக்கு இருக்கு. ஒரே சாலையில் மாதம் 100 கிலோலிட்டர் விற்கும் பங்க் மூன்று இருந்தால், மூன்றும் சேர்ந்து காற்றில் விடுவது அதே 396 கிலோதான். ஆனால் ஒன்றுக்குக்கூட இந்த வரம்பு பொருந்தாது.

சரி, நிறுவனங்கள் தரப்பில் நியாயமே இல்லையா? இருக்கிறது. வி.ஆர்.எஸ். செலவு பிடிக்கும் கருவி. பழைய பங்க்கில் தரையைத் தோண்டிக் குழாய் போட வேண்டும், அதுவரை வியாபாரம் நிற்கும். விற்பனை குறைந்த இடத்தில் மீட்கும் பெட்ரோலின் மதிப்பும் குறைவு. பெரிய பங்க்கில் இருந்து தொடங்கினால் ஒரே செலவில் அதிக ஆவியைப் பிடிக்கலாம் என்ற வாதம் தப்பில்லை.

ஐரோப்பாவும் அப்படித்தான் தொடங்கியது. ஏற்கனவே உள்ள பங்க்குகளில் ஆண்டுக்கு 3,000 கன மீட்டருக்கு மேல் விற்பவை 2018 இறுதிக்குள் பொருத்த வேண்டும் என்றது. அது மாதம் 250 கிலோலிட்டர், நம்ம வரம்புக்குப் பக்கத்தில்தான். ஆனால் புதிய பங்க்குக்கு அங்கே வரம்பு ஆண்டுக்கு 500 கன மீட்டர், அதாவது மாதம் சுமார் 42 கிலோலிட்டர். வீடுகளுக்கோ வேலையிடங்களுக்கோ கீழே அமைந்தால் ஆண்டுக்கு 100 கன மீட்டரே போதும். அதாவது பக்கத்தில் ஆட்கள் இருக்கிறார்களா என்பதும் அங்கே கணக்கில் வருகிறது.

பொருத்திட்டா போதுமா?

போதாது. இரண்டாம் கட்டக் கருவி சரியாக வேலை செய்ய, நாசில் டேங்கின் வாயில் நன்றாகப் பொருந்தி உட்கார வேண்டும். காரில் அது நடக்கும். ஆனால் நம்ம ஊர் பங்க்கில் நிற்கும் வரிசையில் பாதிக்கு மேல் டூவீலர்கள். வாய் அகலமான சின்ன டேங்க். பெட்ரோல் வழியாமல் பார்க்க ஊழியர் நாசிலைத் தூக்கிப் பிடித்தே ஊற்றுவார். அப்போது கருவி ஆவிக்குப் பதில் வெறும் காற்றை உறிஞ்சும். அந்தக் காற்று நிலத்தடி டேங்குக்குள் போனால், அங்கே இன்னும் கொஞ்சம் பெட்ரோல் ஆவியாகி, மூச்சுக் குழாய் வழியாக வெளியேறும்.

ஆகவே 'கருவி இருக்கா' என்ற கேள்வியோடு 'கருவி ஓடுதா' என்ற கேள்வியும் முக்கியம். ஐரோப்பிய விதி 85 சதவீத ஆவியையாவது பிடிக்க வேண்டும் என்கிறது. ஆண்டுக்கு ஒரு முறை சோதனை உண்டு. தானியங்கிக் கண்காணிப்பு உள்ள பங்க்கில், கோளாறை 7 நாளில் சரி செய்யாவிட்டால் அந்த மெஷினில் பெட்ரோல் வருவதே நின்றுவிடும்.

அமெரிக்கா வேற ரூட் எடுத்தது. 1998 மாடல் கார்களில் தொடங்கி, ஆவியைப் பிடித்து வைக்கும் கரி டப்பாவை வண்டிக்குள்ளேயே வைக்க வைத்தது. அப்படிப்பட்ட வண்டிகள் பெருகிய பிறகு, 2012-ல் நாசில் கருவிக் கட்டாயத்தைத் தளர்த்தியது. டூவீலர்கள் நிறைந்த இந்தியாவுக்கு அதை அப்படியே கொண்டுவர முடியாது. ஆனால் லாரி லோடு இறக்கும்போது ஆவியைத் திருப்பி அனுப்பும் முதல் கட்டத்துக்கு டூவீலர் ஒரு தடையே இல்லை. சின்ன ஊர் பங்க்கிலும் அது வேலை செய்யும்.

பெட்ரோல் போடப் போறவங்க என்ன செய்யலாம்?

* நாசில் தானாக 'டக்'கென்று நின்ற பிறகு, "இன்னும் கொஞ்சம் போடுங்க" என்று கேட்க வேண்டாம். கூடுதலாக ஊற்றினால் வழியும். வி.ஆர்.எஸ். உள்ள பங்க்கில் ஆவி போகும் பாதையில் பெட்ரோல் புகுந்து கருவியும் கெடும்.

* பெட்ரோல் ஊற்றும்போது டேங்க் வாய்க்கு மேல் குனிந்து பார்க்க வேண்டாம். ஓரடி தள்ளி நின்று மீட்டரைப் பாருங்க. குழந்தைகளை டேங்க் பக்கத்தில் நிறுத்தாதீங்க.

* டேங்க் மூடியின் ரப்பர் வாஷர் தேய்ந்திருந்தால் மாற்றுங்க. வண்டி நிற்கும்போதும் அந்த வழியாக பெட்ரோல் ஆவியாகிக்கொண்டே இருக்கும்.

வாடிக்கையாளர் செய்யக்கூடியது இவ்வளவுதான். நாசிலைப் பிடித்து நிற்பவரால் தள்ளி நிற்க முடியாது. வேலையே அங்கேதான். ஒரு பங்க் மாதம் எத்தனை லட்சம் லிட்டர் விற்கிறது என்று விதி பார்க்கிறது. அங்கே ஒருவர் எத்தனை மணி நேரம் நிற்கிறார் என்பதையும் பார்க்கத் தொடங்கினால், சின்ன ஊர் பங்க்குகளும் தானாகவே விதிக்குள் வந்துவிடும்.