பிளந்த கட்டை, இரண்டு குதிரை... அமெரிக்காவின் சேற்றுச் சாலைகளைச் சரிசெய்த மிசௌரி விவசாயி!

மழை விட்டு ஒரு நாள்தான் ஆகியிருக்கும். சாலை முழுக்கச் சேறு. வண்டிச் சக்கரம் அச்சு வரை புதைகிறது. பால் கேனோடு கிளம்பியவர் பாதி வழியில் நிற்கிறார். பிரசவத்துக்கு டாக்டரைக் கூட்டிவரப் போனவர் இன்னும் திரும்பவில்லை. பள்ளிக்கூடம் போக வேண்டிய பிள்ளைகள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

1890-களில் அமெரிக்கக் கிராமங்கள் இப்படித்தான் இருந்தன. ரயில் இருந்தது, தந்தி இருந்தது, நியூயார்க்கில் பல மாடிக் கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருந்தன. ஆனால், ரயில் நிலையத்திலிருந்து நாலு மைல் உள்ளே இருக்கும் பண்ணைக்கு மழைக்காலத்தில் போய்ச் சேர முடியாது. 1904-ல் அமெரிக்க அரசு முதன்முறையாக நாட்டின் கிராமச் சாலைகளைக் கணக்கெடுத்தது. மொத்தம் சுமார் 21.5 லட்சம் மைல். அதில் ஜல்லியோ கல்லோ போட்டு ஏதோ ஒரு வகையில் மேம்படுத்திய சாலை வெறும் 1.5 லட்சம் மைல் சொச்சம். அதாவது, நூறு மைலில் ஏழு மைல்தான் உருப்படி. மற்றதெல்லாம் வெறும் மண்.

அந்த 93 மைலுக்கு ஒரு வழி சொன்னவர் இன்ஜினீயர் அல்ல. டேவிட் வார்டு கிங் என்ற விவசாயி. 1857-ல் ஒஹையோ மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில் பிறந்து, பிறகு மிசௌரி மாநிலத்தின் வடமேற்கு மூலையில் உள்ள மெயிட்லாண்ட் என்ற சிற்றூருக்கு வந்து பண்ணை நடத்தியவர். ஆற்றங்கரை வண்டல் பூமி அது. சோளத்துக்கு அருமையான மண், சாலைக்கு மோசமான மண்!

அதுவரை சாலையை யாருமே கவனிக்கவில்லையா என்றால், கவனித்தார்கள். சாலை வரியைப் பணமாகக் கட்டாமல் உடலுழைப்பாகக் கழிக்கும் முறை பல மாநிலங்களில் இருந்தது. வருஷத்தில் சில நாள்கள் ஊர் ஆண்கள் எல்லோரும் மண்வெட்டி, கலப்பை, குதிரையோடு வர வேண்டும். வந்தார்கள். ஓரத்துப் புல் கரணையை வெட்டி நடுச்சாலையில் போட்டார்கள், ஊர்க்கதை பேசினார்கள், சாயங்காலம் வீட்டுக்குப் போனார்கள். கோடையில் போட்ட அந்தப் புல்மண் அடுத்த மழையில் பஞ்சு மாதிரி ஊறி, முன்பைவிடப் பெரிய சேறாக மாறியது. அரசு வேலை என்றால் இப்படித்தான் என்று எந்த நாட்டிலும் பெருமூச்சு விட ஆள் உண்டுபோல.

குதிரையால் இழுக்கும் பெரிய கருவிகளும் வந்துவிட்டன. கலிஃபோர்னியாவின் ஃபிரெஸ்னோ நகரில் ஸ்காட்லாந்திலிருந்து குடியேறிய ஜேம்ஸ் போர்ட்டியஸ் 1883-ல் உருவாக்கிய 'ஃபிரெஸ்னோ ஸ்கிரேப்பர்' அவற்றில் ஒன்று. வளைந்த இரும்புத் தொட்டி; அடியில் கத்தி விளிம்பு; பின்னால் நீளமான கைப்பிடி. குதிரைகள் இழுக்க இழுக்க மண் சுரண்டப்பட்டுத் தொட்டியில் நிறையும். வேண்டிய இடத்தில் கைப்பிடியைத் தூக்கினால் மண் பரவலாகக் கொட்டும். வாய்க்கால் தோண்டவும், மேட்டை வெட்டிப் பள்ளத்தை நிரப்பவும் இதற்கு நிகர் இல்லை. பனாமா கால்வாய் வேலை வரை போன கருவி இது. ஆபத்தும் உண்டு. கத்தி ஒரு பாறையிலோ வேரிலோ இடித்தால் கைப்பிடி விருட்டென்று மேலே எகிறும். பிடித்திருப்பவர் அசந்தால் தாடை போய்விடும்.

1885-ல் இண்டியானாவின் ஜோசப் ஆடம்ஸ் இன்னொன்றைச் செய்தார். சக்கரம் வைத்த கிரேடர். அதன் சக்கரங்களைச் சாய்த்துக்கொள்ளலாம் என்பதுதான் விசேஷம். மண்ணைப் பக்கவாட்டில் தள்ளும்போது கத்தி ஒரு பக்கம் தள்ள, வண்டி மறுபக்கம் வழுக்கிக்கொண்டு போகும். சைக்கிளில் வளைவில் திரும்பும்போது நாம் சாய்வோமே, அதுபோலச் சக்கரத்தைச் சாய்த்தால் வண்டி இடத்தில் நிற்கும். இன்று நெடுஞ்சாலை வேலையில் நிற்கும் மஞ்சள் நிற மோட்டார் கிரேடரின் முன்சக்கரங்கள் சாய்ந்திருப்பதைக் கவனித்ததுண்டா? அந்தச் சாய்வுக்கு வயது 140.

நல்ல கருவிகள்தான். ஆனால், தனி விவசாயி வாங்கக்கூடிய விலை இல்லை. இழுக்கக் குதிரைகளும் நிறைய வேண்டும். ஊர் சேர்ந்து ஒன்று வாங்கும், வருஷத்துக்கு ஒருமுறை ஓட்டும், பிறகு மறந்துவிடும். மழையோ வருஷத்துக்கு ஒருமுறை மட்டும் பெய்வதில்லை.

கிங்குக்குக் கிடைத்த விடை இந்த இடத்தில்தான் இருந்தது.

பழைய பம்ப் மரமும் ஒரு கம்பமும்

1896. கிங் தன் கொட்டகையில் கிடந்த ஒரு பழைய மரப் பம்பின் தண்டையும், ஓர் ஓக் கம்பத்தையும் எடுத்தார். இரண்டையும் சற்று இடைவெளி விட்டு இணையாகக் கட்டினார். இரண்டு குதிரைகளைப் பூட்டி, மழையில் நனைந்திருந்த சாலையில் தன் வீட்டு வாசலிலிருந்து பக்கத்துப் பண்ணை வரை இழுத்துக்கொண்டு போய்த் திரும்பினார். அவ்வளவுதான். அடுத்த மழை விட்டதும் மறுபடி இழுத்தார். அதற்கடுத்த மழைக்கும்.

சில மழைகள் போன பிறகு வித்தியாசம் தெரிந்தது. மற்ற இடங்களில் தண்ணீர் தேங்கிக் கிடக்க, கிங் வீட்டு முன்னால் மட்டும் வழிந்தோடியது. நம்மூர் நாற்று நடவுக்கு முன் பரம்புப் பலகையில் ஏறி நின்று மாடுகளை ஓட்டிச் சேற்றைச் சமன்படுத்துவதைப் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி சட்டென்று பிடிபடும். ஆனால், பரம்பின் நோக்கம் வயலில் தண்ணீரைச் சமமாக நிறுத்துவது. கிங் செய்தது நேர் எதிர்: தண்ணீரை ஒரு நிமிஷம்கூட நிற்கவிடாமல் விரட்டுவது.

பிறகு அந்தக் கருவி செம்மைப்பட்டது. ஏழு முதல் பத்து அடி நீளமுள்ள மரக்கட்டை. பத்து, பன்னிரண்டு அங்குலக் குறுக்களவு. அதை நீளவாக்கில் நடுவில் பிளக்க வேண்டும். கனமான பாதி முன்னால், மற்றது 30 அங்குலம் பின்னால். இரண்டின் தட்டையான முகமும் முன்னோக்கி நிற்க வேண்டும். ஏணிப் படி மாதிரி குறுக்குக் கட்டைகள் அடித்து, மேலே நிற்கப் பலகை. முன் கட்டையின் கீழ் விளிம்பில் மூன்றரை அடி நீளத்துக்கு ஓர் இரும்புப் பட்டை. முடிந்தது. 'ஸ்பிளிட் லாக் டிராக்' என்று பெயர். 'கிங் ரோடு டிராக்' என்றும் சொன்னார்கள்.

1908-ல் அமெரிக்க வேளாண்மைத் துறை இதைப் பற்றி கிங்கையே எழுதவைத்து, விவசாயிகளுக்கான தன் 321-வது சிறு வெளியீடாக அச்சிட்டது. எந்த மரம் நல்லது என்பதில் அவருக்குத் தெளிவான கருத்து உண்டு. காய்ந்த சிவப்பு சிடார்தான் முதலிடம். ஓக், ஹிக்கரி போன்ற வைரம் பாய்ந்த மரங்கள் வேண்டாம், வில்லோகூட அவற்றைவிட மேல் என்கிறார். பலமான மரம் வேண்டாம் என்று எந்தத் தச்சராவது சொல்வாரா? காரணம், எடை. ஒரே ஆள் தூக்கக்கூடிய அளவுக்கு டிராக் லேசாக இருக்க வேண்டும். இரண்டாவது எச்சரிக்கை, சதுரமாக அறுத்த உத்தரத்தை மாட்டாதீர்கள் என்பது. கூரான விளிம்பு இல்லாவிட்டால் கட்டை மண்ணைச் சீவாது, மேலேயே வழுக்கிக்கொண்டு போகும்.

ஓட்டுவதில்தான் சூட்சுமம்!

செய்வது சுலபம். ஓட்டுவது அப்படியல்ல. சங்கிலியை நடுவில் மாட்டாமல் ஒரு பக்கமாகத் தள்ளி மாட்டினால், கட்டை நேராகப் போகாமல் சுமார் 45 டிகிரி கோணத்தில் சாய்ந்தபடி போகும். சாலையோர வாய்க்கால் பக்கத்து முனை முன்னால், நடுச்சாலைப் பக்கத்து முனை பின்னால். இதனால் சீவப்படும் மண் கட்டையை ஒட்டியே நகர்ந்து சாலையின் நடுவுக்கு வரும். போகும்போது ஒரு சக்கரத் தடத்தின் மேல், வரும்போது மறு தடத்தின் மேல். ஒவ்வொரு முறையும் நடுவில் கொஞ்சம் மண் ஏறும். சில மாதங்களில் சாலை ஆமை ஓடு மாதிரி நடுவில் உயர்ந்து, இரு பக்கமும் சரிந்துவிடும்.

ஆழமாகச் சீவ வேண்டுமா? சங்கிலியை நீளமாக விட வேண்டும். குட்டையாக்கினால் கட்டை மேலே தூக்கப்பட்டு லேசாகச் சீவும். மற்றதெல்லாம் பலகையில் நிற்பவரின் கால்களில் இருக்கிறது. முன்னால் எடை வைத்தால் கத்தி கடிக்கும், பின்னால் நகர்ந்தால் மண்ணை விட்டுவிடும். பள்ளம் வரும் இடத்தில் ஓர் அடி நகர்ந்து நின்றாலே போதும், சுமந்து வந்த மண் அதில் விழும். குதிரைகள் நடக்க வேண்டும், ஓடக் கூடாது. ஸ்கேட்டிங் போர்டு ஓட்டும் பிள்ளைகள் இதைப் பெரியவர்களைவிடச் சீக்கிரம் கற்றுக்கொள்வார்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம், நேரம். சாலை காய்ந்தபின் இழுத்தால் புழுதிதான் கிளம்பும். சேறு கட்டையில் ஒட்டும் பதத்திலும் கூடாது. மழை விட்டு, ஈரம் இருக்கும்போதே இழுக்க வேண்டும். ஈரக் களிமண்ணை வண்டிச் சக்கரமும் குளம்பும் மிதித்துப் பிசைந்தால், அதன் துகள்களுக்கு இடையே உள்ள காற்று வெளியேறி, தண்ணீர் இறங்காத இறுக்கம் வரும். பன்றிகள் புரளும் குட்டையில் தண்ணீர் வாரக்கணக்கில் வற்றாமல் நிற்பது இதனால்தான். சாலைக் குழிகளிலும் இதே கதைதான் நடந்துகொண்டிருந்தது. குழியின் அடிப்பகுதி மண்சட்டி மாதிரி ஆகி, தண்ணீரைத் தேக்கி வைத்தது. டிராக் அந்தப் பிசைந்த களிமண்ணை எடுத்துச் சாலை முழுக்க மெல்லிய பூச்சாகத் தடவியது. வெயில் பட்டதும் அது இறுகும். அடுத்த மழையில் இன்னொரு பூச்சு. சேற்றை உண்டாக்கிய குணத்தைக்கொண்டே சேற்றை ஒழித்த வேலை இது. குளிர்காலம் தொடங்கும் முன், தரை உறைவதற்குள் ஒருமுறை இழுத்துவிட்டால், சாலை சமமாகவே உறைந்து அந்தப் பருவம் முழுக்க வண்டி ஓட உதவும்.

எல்லா மண்ணுக்கும் இது சரிவராது என்பதையும் சொல்ல வேண்டும். மணல் பூமியில் பூச்சு பிடிக்காது. இரு பக்கமும் வாய்க்கால் இல்லாத தாழ்வான இடத்தில் எவ்வளவு இழுத்தாலும் தண்ணீர் போக வழி கிடையாது.

ஆனாலும், ஒரு கேள்வி மிச்சமிருந்தது. மழை விட்டதும் குதிரையைப் பூட்டிக்கொண்டு யார் வருவார்கள்? கூலி கிடையாது. சாலை எல்லோருக்கும் பொது. ஒருவர் இழுக்க, பத்து பேர் ஓட்டிக்கொண்டு போவார்கள். கருவியைவிட இதுதான் கடினமான சிக்கல்.

அதற்கு ஒரு பதில் தபால் பையில் வந்தது. கிங் முதன்முதலில் கட்டையை இழுத்த அதே 1896-ம் வருஷம் அக்டோபரில்தான், மேற்கு வர்ஜீனியாவில் கிராமப்புற வீடுகளுக்கே இலவசமாகத் தபால் கொண்டுவரும் திட்டம் பரீட்சார்த்தமாகத் தொடங்கியது. அதுவரை விவசாயிகள் கடிதம் வாங்கவே டவுனுக்குப் போக வேண்டும். 1902-ல் திட்டம் நிரந்தரமானது. ஆனால், தபால் துறை ஒரு நிபந்தனை வைத்தது: சாலை போக முடியாத நிலையில் இருந்தால் தபால் வராது. செய்தித்தாள், மகன் எழுதிய கடிதம், சியர்ஸ் கேட்டலாக்... எல்லாமே வீட்டு வாசலில் உள்ள சேற்றைப் பொறுத்தது என்றானதும், கட்டையைப் பிளக்க ஊர் ஊராக ஆள் கிளம்பியது.

ரயில் கம்பெனிகளும் ஆர்வம் காட்டின. பண்ணையிலிருந்து தானியம் ஸ்டேஷனுக்கு வந்தால்தானே அவற்றுக்கு வருமானம்? ஐயோவா மாநிலத்தில் 'நல்ல சாலை' ரயில்களை ஓட்டி, ஊருக்கு ஊர் நிறுத்தி, கிங்கைப் பேசவைத்தார்கள். பல மாநிலங்களில் அவர் இப்படி அலைந்தார். அவர் விற்றது ஒரு பொருளை அல்ல, ஒரு பழக்கத்தை. எந்தப் பண்ணையிலும் கிடக்கும் ஒரு கட்டையைக் காசு கொடுத்து வாங்க யார் வருவார்கள்?

1908-ல் ஃபோர்டின் மாடல் டி கார் வந்தது. அதன் முதல் வாடிக்கையாளர்களில் பெரும் பங்கு கிராமத்து விவசாயிகள். அவர்கள் ஓட்டியது தார்ச் சாலையில் அல்ல, இப்படி இழுத்து இழுத்துப் பதப்படுத்திய மண் சாலையில். 1913-ல் பார்சல் தபால் தொடங்கியது. 1916-ல் கிராமத் தபால் சாலைகளுக்கென்று மத்திய அரசே மாநிலங்களுக்குப் பணம் ஒதுக்கச் சட்டம் வந்தது. கிங் 1920-ல் இறந்தார். ஏறக்குறைய அதே சமயத்தில் ரஸ்ஸல் என்ற கிரேடர் கம்பெனி, குதிரைக்குப் பதில் டிராக்டரைப் பூட்டி முதல் மோட்டார் கிரேடரைச் செய்துகொண்டிருந்தது. 1928-ல் அந்தக் கம்பெனியை கேட்டர்பில்லர் வாங்கியது.

அமெரிக்கச் சாலைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இன்றும் தார் பார்க்காத மண்ணும் ஜல்லியும்தான். அவற்றைப் பராமரிக்கும் ஊழியர், ஏ.சி கேபினுக்குள் உட்கார்ந்து லீவரைத் தள்ளுகிறார். கத்தி சாய்ந்த கோணத்தில் இறங்குகிறது, மண் நடுவை நோக்கி நகர்கிறது. அவருக்கும் பயிற்சியில் சொல்லிக்கொடுப்பது, காய்ந்த சாலையில் கத்தியை வைக்காதே, மழை விட்ட ஈரத்தில் கிளம்பு என்றுதான்.