பொறுமை, நேர்மை, காரணம்: அருவப்பெயர்களைக் கற்பிக்கும் வரிசை

ஒன்றாம் வகுப்பில் ‘மரம்’ என்ற சொல்லைக் கற்பிக்க ஒரு சன்னல் போதும். ஆசிரியர் வெளியே கை காட்டுவார், பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள். ஆடு, குடம், பலகை ஆகியவையும் அப்படியே. மூன்றாம், நான்காம் வகுப்புக்கு வரும்போது பாடத்தில் வேறு வகைச் சொற்கள் கூடுகின்றன: பொறுமை, நேர்மை, முயற்சி, உரிமை, காரணம், விளைவு. இவற்றைக் கை காட்டிக் கற்பிக்க வழியில்லை.

ஆங்கில இலக்கண வகுப்பில் இவற்றுக்கு ‘அப்ஸ்ட்ராக்ட் நவுன்’ என்று பெயர். இந்தியப் பள்ளிகளில் நெடுங்காலமாகப் புழங்கும் ரென், மார்ட்டின் இலக்கண நூல் இதை ஒரு பண்பின் பெயர், செயலின் பெயர், அல்லது நிலையின் பெயர் என்று விளக்குகிறது. அந்தப் பண்பையோ செயலையோ நிலையையோ, அதை உடைய பொருளிலிருந்து பிரித்து எண்ணிப் பெயரிடுகிறோம் என்பது விளக்கத்தின் சாரம். தமிழ் இலக்கணம் பெயர்ச்சொற்களைப் பொருள், இடம், காலம், சினை, பண்பு, தொழில் என்று ஆறாகப் பகுக்கிறது. சினை என்றால் உறுப்பு. ஆங்கிலம் ஒரே வகையில் வைப்பவற்றில் பெரும்பகுதி, தமிழில் பண்புப்பெயர், தொழிற்பெயர் என்ற இரண்டில் அடங்கும். இனிமை பண்புப்பெயர், ஓட்டம் தொழிற்பெயர். இந்த இரண்டையும் சேர்த்து இங்கே அருவப்பெயர் என்று குறிப்பிடுவோம்.

அருவப்பெயரைக் கற்பிப்பதில் இரண்டு வேலைகள் உள்ளன. சொல்லின் பொருளைப் பிள்ளைக்குப் புரியவைப்பது ஒன்று. அந்தச் சொல் எந்த இலக்கண வகையைச் சேர்ந்தது என்று இனம் காணப் பழக்குவது மற்றொன்று. வகுப்பில் இவை பெரும்பாலும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. ‘பொறுமை’ என்ற சொல்லின் கீழே கோடிட்டுப் பண்புப்பெயர் என்று சரியாக எழுதும் பிள்ளைக்கு, பொறுமை என்றால் என்ன என்று தெரியாமலே இருக்கலாம். பொறுமையை நன்றாக அறிந்த பிள்ளைக்கு அதன் இலக்கணப் பெயர் தெரியாமலும் இருக்கலாம். இரண்டையும் பிரித்து, முறையாக அடுக்கினால் வேலை எளிதாகிறது.

முதலில், இச்சொற்கள் ஏன் கடினம் என்று பார்ப்போம். கனடிய உளவியலாளர் ஆலன் பைவியோ 1971இல் வெளியிட்ட நூலில் இதற்கு ஒரு விளக்கம் தந்தார். பொருளைக் குறிக்கும் சொல் நினைவில் இரண்டு வகையாகப் பதிகிறது: சொல்லாக ஒரு முறை, மனப்படமாக ஒரு முறை. அருவப்பெயருக்கு மனப்படம் எளிதில் கிடைப்பதில்லை. அதனால் அது பெரும்பாலும் பிற சொற்களின் துணையை நம்பியே நிற்கிறது.

அந்தத் துணை எவ்வளவு முக்கியம் என்பதை 1999இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஜேன் கில்லெட், லைலா கிளைட்மன் முதலியோர் அதை நடத்தினார்கள். தாய்மார் தம் குழந்தைகளோடு பேசும் காட்சிகளைப் பெரியவர்களுக்கு ஒலியின்றிப் போட்டுக் காட்டினார்கள். குறிப்பிட்ட ஒரு சொல் வரும் இடத்தில் மட்டும் ஒரு மணியோசை கேட்கும். அது என்ன சொல் என்று ஊகிக்க வேண்டும். பொருட்களின் பெயர்களைப் பலரும் ஓரளவு சரியாகச் சொன்னார்கள். ‘நினை’, ‘அறி’ போன்ற மனத்தின் செயல்களைக் குறிக்கும் வினைகளைக் காட்சியை மட்டும் பார்த்து எவராலும் சொல்ல முடியவில்லை. அந்தச் சொல் அமைந்த வாக்கியத்தின் வடிவத்தைக் கொடுத்தபோது ஊகம் பெரிதும் மேம்பட்டது. கண்ணுக்குத் தெரியாத பொருளைக் குறிக்கும் சொல்லுக்கு வாக்கியமே வழிகாட்டி என்பது இதன் பாடம்.

இன்னொரு துணை உணர்ச்சி. மார்த்தா பொனாரி, கோர்ட்னி நோர்பரி, காப்ரியெல்லா விக்லியோக்கோ ஆகியோர் 2018இல் வெளியிட்ட ஆய்வு, 6 முதல் 11 வயது வரையுள்ள பிள்ளைகளைப் பற்றியது. இளவயதில் கற்கப்படும் அருவச்சொற்களில் நல்லதோ கெட்டதோ ஓர் உணர்ச்சிச் சாயல் இருக்கும் போக்கை அவர்கள் கண்டார்கள். அத்தகைய அருவச்சொற்களைப் பிள்ளைகள் அடையாளம் காண்பதும் எளிதாக இருந்தது. பயம், கோபம், ஆசை, மகிழ்ச்சி ஆகியவற்றைப் பிள்ளை தன் உடம்பிலேயே அறிந்திருக்கிறது. எனவே தொடக்கம் இங்கிருந்து அமையலாம். நேர்மை, கடமை, உரிமை போன்ற சமூகம் சார்ந்த சொற்கள் அதற்கு அடுத்த படி.

அந்த அடுத்த படிக்கும் ஒரு நுழைவாயில் உண்டு. சுவிஸ் உளவியலாளர் ஜான் பியாஜே 1932இல் வெளியிட்ட, பிள்ளைகளின் ஒழுக்கத் தீர்ப்பு பற்றிய நூலில், எது நியாயம் என்பதற்கு விளக்கம் கேட்டதோடு நிற்கவில்லை. நியாயமில்லாதவை எவை என்று பிள்ளைகளிடம் எடுத்துக்காட்டுகள் கேட்டார். சிறியவர்கள் பெரும்பாலும் பெரியவர்கள் தடுத்த செயல்களைச் சொன்னார்கள். வயது கூடக்கூட, சமமாக நடத்தாமையைச் சொன்னார்கள். நியாயத்துக்கு விளக்கம் சொல்லத் திணறும் வயதிலும், ‘இது அநியாயம்’ என்று சுட்டிக்காட்டப் பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது. எதிர்நிலையிலிருந்து தொடங்குவது பல அருவப்பெயர்களுக்குப் பொருந்தும்.

இனி வகுப்பறை. ‘பொறுமை’யை எடுத்துக்கொள்வோம். முதல் படியில் ஆசிரியர் சொல்லையே சொல்லாமல் மூன்று சிறு நிகழ்ச்சிகளைக் கூறலாம். தம்பி சட்டைப் பொத்தான் போடத் தடுமாறுகிறான். அக்கா கையைத் தட்டிவிடாமல் காத்திருக்கிறாள். ஒரு மாணவி அவரை விதை ஊன்றினாள். முளைத்ததா என்று தோண்டிப் பார்க்காமல் தினமும் தண்ணீர் ஊற்றுகிறாள். ரேஷன் கடை வரிசையில் ஒரு பெரியவர் முண்டியடிக்காமல் நிற்கிறார். மூன்றும் வேறு வேறு இடங்களில் நடப்பது முக்கியம். வரிசையை மட்டுமே சொன்னால், பொறுமை என்றால் வரிசையில் நிற்பது என்று பிள்ளை எடுத்துக்கொள்ளும். மூன்றுக்கும் பொதுவானது என்ன என்று கேட்ட பிறகு, சொல்லைக் கொடுக்கலாம்.

இரண்டாம் படியில், சொல்லின் எல்லையைக் காட்டும் நிகழ்ச்சிகள் வரும். ஒரு பையன் திட்டு விழும் என்று பயந்து வரிசையில் அசையாமல் நிற்கிறான். அது பொறுமையா? பேருந்து வரும்வரை ஒருத்தி தூங்கிவிட்டாள். அது பொறுமையா? பிள்ளைகள் இரு பக்கமும் பேசுவார்கள். ஆசிரியர் உடனே தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. ஏன் என்று கேட்டால் போதும். அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் டோரதி ஃபிரேயரும் உடன் பணியாற்றியோரும் 1969இல் வகுத்த நான்கு கட்ட முறையும் இதே அடிப்படையில் அமைந்தது. ஒரு தாளை நான்காகப் பிரித்து விளக்கம், இயல்புகள், எடுத்துக்காட்டுகள், எடுத்துக்காட்டு ஆகாதவை என்று நிரப்புவார்கள். தொடக்கப் பள்ளியில் விளக்கக் கட்டத்தைக் கடைசியில் நிரப்பச் சொல்வது நல்லது.

மூன்றாம் படி வாக்கியம். ‘பொறுமையா இரு’ என்பதைப் பிள்ளை வீட்டில் பலமுறை கேட்டிருக்கும். அந்தப் பழக்கத்திலிருந்து பெயருக்கு நகர வேண்டும்: பொறுமையாக எழுதினாள், பொறுமையான பெண், பொறுமை இழந்தாள், பொறுமை வேண்டும். ஒவ்வோர் அருவப்பெயருக்கும் தனக்கென்று சில வினைகள் உண்டு. நம்பிக்கையை வைக்கிறோம், இழக்கிறோம். கோபம் வருகிறது, தணிகிறது. பயம் தெளிகிறது. இந்தச் சேர்க்கைகளை வாயாரச் சொல்லிப் பழகும்போது, பொருளும் கூடவே தெளிகிறது.

நான்காம் படியில்தான் சொல்லின் வடிவம். தமிழ் இங்கே பெரிதும் உதவுகிறது. ‘மை’ என்ற விகுதி, அதாவது சொல்லின் இறுதியில் சேரும் உறுப்பு, நன்மை, தீமை, நேர்மை, பொறுமை எல்லாவற்றிலும் தெரிகிறது. வினைகளிலிருந்து மன்னிப்பு, முயற்சி, நம்பிக்கை, உதவி என்று பெயர்கள் பிறக்கின்றன. தொழிற்பெயர் விகுதிகள் பல உள்ளன. தொடக்கப் பள்ளிக்கு நான்கைந்து போதும். ஒரு வினையைக் கொடுத்துப் பெயரை உருவாக்கச் சொல்லலாம். விகுதி ஒரு தடயம் மட்டுமே என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆமையும் எருமையும் மையில் முடிந்தாலும் பண்புப்பெயர்கள் ஆகா. துவையல், பொங்கல் ஆகியவை தொழிற்பெயர் வடிவில் இருந்தாலும் தட்டில் உள்ள உணவைக் குறிக்கின்றன. இலக்கணம் இவற்றைத் தொழிலாகுபெயர் என்கிறது.

கடைசிப் படி இலக்கண வகை. இங்கே பல வகுப்புகளில் ஒரு சோதனை சொல்லித்தரப்படுகிறது: ஐம்புலன்களால் அறிய முடியாதது அருவப்பெயர். இது பாதி தூரம்தான் வரும். சிவப்பு கண்ணுக்குத் தெரிகிறது, இனிப்பு நாக்குக்குத் தெரிகிறது. தமிழ் இலக்கணத்தில் இரண்டும் பண்புப்பெயர்களே. ஓட்டத்தையும் கண்ணால் பார்க்கிறோம். இதைவிட உதவும் கேள்வி ஒன்று உண்டு: இதை உடையவரையோ உடைய பொருளையோ விட்டுவிட்டு, இதை மட்டும் தனியே எடுக்க முடியுமா? செம்பருத்திப் பூவைப் பறிக்கலாம். அதன் சிவப்பை மட்டும் பறிக்க முடியாது. ஓடுபவர் இல்லாமல் ஓட்டம் இல்லை. இலையும் செடியைச் சேர்ந்ததுதான், ஆனால் அதைக் கிள்ளி எடுக்கலாம்; எனவே அது சினைப்பெயர். சில சொற்கள் இந்தக் கேள்விக்கும் தடுமாறும். அவற்றைப் பிள்ளைகளோடு விவாதிக்கலாம். தேர்வில் கேட்க வேண்டியதில்லை.

தமிழ்ப் பாடத்துக்கு வெளியே உள்ள அருவப்பெயர்களையும் மறக்கக் கூடாது. அறிவியல், கணக்கு வினாக்களில் காரணம், விளைவு, வேறுபாடு, அளவு, முறை ஆகியவை அடிக்கடி வருகின்றன. இவற்றில் உணர்ச்சிச் சாயல் இல்லை. அதனால் தானாக ஒட்டிக்கொள்வதில்லை. பாடம் தெரிந்தும், ‘வேறுபாடு’ என்ற சொல் புரியாததால் ஒரு பிள்ளை விடை எழுதாமல் விடலாம். இரண்டு இலைகளை அருகருகே வைத்துப் பேசும் சூழலோடு இச்சொல்லும் வகுப்பில் அறிமுகமாக வேண்டும்.

மதிப்பீடும் இதே முறையைப் பின்பற்ற வேண்டும். ‘நேர்மை என்றால் என்ன?’ என்ற வினா மனப்பாடத்தை அளக்கும். சொல்லுக்கு விளக்கம் கூறுவது தனித் திறன். அது பொருள் புரிந்த பிறகும் மெதுவாகவே வருகிறது. ‘நீ பார்த்த ஒரு நேர்மையான செயலைச் சொல்’, ‘இந்தக் கதையில் வருபவர் செய்தது நேர்மையா, ஏன்?’ என்ற வினாக்கள் புரிதலை நேராகக் காட்டும்.

இந்த முறைக்கு நேரம் பிடிக்கும். ஒரு பாடவேளையில் இரண்டு சொற்களுக்கு மேல் நகர முடியாது. பட்டியலை முடிக்க வேண்டிய ஆசிரியருக்கு இது உண்மையான நெருக்கடி. எல்லா அருவப்பெயர்களையும் இப்படிக் கற்பிக்க வேண்டும் என்று சொல்வதற்கில்லை. பாடத்தின் மையமான சில சொற்களுக்காவது சூழல், எல்லை, வாக்கியம், வடிவம், வகை என்ற வரிசையைக் கடைப்பிடிக்கலாம். இலக்கணப் பெயரைக் கடைசிக்குத் தள்ளுவதால் இலக்கணத்துக்குக் குறை வராது. பொருள் தெரிந்த சொல்லை வகைப்படுத்துவது பிள்ளைக்கு எளிது. வகைப்படுத்தியதை நினைவில் வைப்பதும் எளிது.