குட்டி அனிபால்

குழந்தைகளே! எங்கள் எளாவூர்ப் பக்கம் படகு கைமாறினால், பழைய பெயரை அழித்துவிட்டுப் புதுப்பெயர் எழுதுவார்கள். 'ஹானிபல்' என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பலை 1782 ஜனவரியில் சுமத்ரா அருகே பிரெஞ்சுக்காரர்கள் பிடித்தபோது, பெயரை அழிக்கவில்லை. 74 பீரங்கிகளோடு 'அனிபால்' என்ற கப்பல் அவர்களிடம் ஏற்கெனவே இருந்தது. 50 பீரங்கிகள் கொண்ட இது, 'குட்டி அனிபால்' ஆகிவிட்டது! அடுத்த மாதமே நம் சதுரங்கப்பட்டினம் கடலில், ஆங்கிலேயருக்கு எதிராகவே போருக்கு நின்றது. 1783-ல் கடலூர்ப் போரிலும் இருந்தது.

கப்பலுக்குக் கொடி மாறியது, சரி. அதிலிருந்த மாலுமிகள்? கைதிகளை மாற்றிக்கொள்ள ஆங்கிலேயர் ஒப்பவில்லை. பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரன், அவர்களை ஹைதர் அலியிடம் ஒப்படைத்துவிட்டார். அது தவறு என்றே நான் சொல்வேன். அவர்களில் ஒருவன் ஜேம்ஸ் ஸ்கரி. உங்கள் அண்ணன் வயதுதான் இருக்கும். ஸ்ரீரங்கப்பட்டணத்துச் சிறைவாசத்திலிருந்து அவன் தப்பிவரச் சுமார் 10 ஆண்டுகள் ஆயின. அவன் எழுதிவைத்த கதை 1824-ல் புத்தகமாக வந்தது.