கடையடைப்பு ஒரு நாள், வழக்குச் செலவு பல மாதம்

கடையடைப்பு நமக்குப் புதிதல்ல. ஆனாலும் 2017 பிப்ரவரி 2ஆம் தேதி நியூயார்க் நகரில் நடந்த கடையடைப்பை மளிகை வணிகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று கருதுகிறோம். அது வரி உயர்வுக்காகவோ லைசென்ஸ் கெடுபிடிக்காகவோ நடந்ததல்ல. ஏமன் உள்ளிட்ட ஏழு நாட்டவர் அமெரிக்காவுக்குள் வரக் கூடாதென்று அதற்கு முந்தின வாரம் அதிபர் டிரம்ப் உத்தரவு போட்டிருந்தார். அந்நகரின் தெருமுனை மளிகைக் கடைகளில் பலவற்றை நடத்துகிறவர்கள் ஏமன் நாட்டவர்கள். அவர்களுடைய கடைகளில் சுமார் ஆயிரம் அன்று நண்பகல் முதல் இரவு 8 மணி வரை மூடிக் கிடந்தன. அந்தப் போராட்டத்திலிருந்தே ஏமனிய அமெரிக்க வணிகர் சங்கமும் பிறந்தது.

கடையை அடைத்தால் பத்திரிகையில் படம் வரும். தடுப்புக்காவலில் இருப்பவனுக்கு வக்கீல் வந்துவிட மாட்டார். அந்நாட்டில் கொலை வழக்கில் சிக்கிய ஏழைக்குக்கூட அரசே வக்கீல் வைத்துத் தரும். நாடு கடத்தும் வழக்கோ சிவில் வழக்காம். வக்கீல் வைத்துக்கொள்ளலாம், அரசுக்குச் செலவு இல்லாமல் வைத்துக்கொள் என்கிறது சட்டம். அரசுத் தரப்பில் மட்டும் வக்கீல் தவறாமல் நிற்பார். 2007 முதல் 2012 வரையிலான வழக்குகளை ஆராய்ந்தபோது, காவலில் இருந்தவர்களில் 14 சதவீதம் பேருக்கே வக்கீல் இருந்தது தெரிய வந்தது. நியூயார்க் நகர மன்றம் 2013இல் 5 லட்சம் டாலர் ஒதுக்கி இவர்களுக்கு வக்கீல் வைத்துக் கொடுக்கத் தொடங்கியது. வக்கீல் இல்லாதபோது நூற்றுக்கு 4 பேர் வென்ற இடத்தில், வக்கீல் வந்தபின் 48 பேர் வெல்வார்கள் என்று வேரா நிறுவனம் 2017இல் கணக்கிட்டுச் சொன்னது.

சட்டத்தை மீறி வந்தவனுக்கு ஏன் பணம் தர வேண்டும் என்று கேட்கிற அன்பர்கள் உண்டு. மீறினானா, உயிருக்குப் பயந்து அடைக்கலம் கேட்டு வந்தானா என்பது விசாரணையில்தானே தெரியும்? வரி அதிகாரி சரக்கைப் பிடித்தால், விளக்கம் கேட்காமல் சீல் வைக்காதே என்று நாமே சொல்கிறோம்.

2018 ஜூனில், எல்லையில் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்த செய்தி வந்தபோது, கலிபோர்னியாவில் ஒரு தம்பதி 1,500 டாலர் திரட்ட முனைந்தார்கள். அதுவே சட்டம் சொல்லும் மிகக் குறைந்த பிணைத் தொகை. பத்து நாளுக்குள் 2 கோடி டாலர் சேர்ந்து, டெக்சாஸின் ரெய்சஸ் அமைப்புக்குப் போயிற்று. பெரிய மனசுதான், மறுக்கவில்லை. ஆனால் அழுகிற குழந்தையின் படத்தைப் பார்த்து வருகிற பணம், படம் மறைந்ததும் நின்றுபோகும். வழக்கோ ஆண்டுக்கணக்கில் இழுக்கும்.

பிணைப் பணத்தில் ஒரு சௌகரியம் உண்டு. எல்லா வாய்தாவுக்கும் ஆஜரானால், வழக்கு முடிந்ததும் முதல் திரும்பி வரும். அதை எடுத்து அடுத்தவரை மீட்கலாம். இது வியாபாரிக்குச் சொல்லித் தர வேண்டிய கணக்கல்ல. ஆனால் அனுமதியின்றி எல்லை தாண்டியவர்களுக்குப் பிணை தரக் குடியேற்ற நீதிபதிகளுக்கு அதிகாரமில்லை என்று 2025 செப்டம்பரில் மேல்முறையீட்டு வாரியம் தீர்ப்பளித்தது. பலர் ஆட்கொணர்வு மனுவோடு மத்திய நீதிமன்றங்களை நாட வேண்டியதாயிற்று. அதற்கு வக்கீல் வேண்டும். வக்கீல் பீஸ் திரும்பி வராத முதல். அதே ஆண்டு ஜூலையில் அந்நாட்டு அரசு காவல் முகாம்களுக்கென்று ஒதுக்கியது 4,500 கோடி டாலர்.

எனவே உண்டியல் குலுக்கினால் போதாது, மகமை வேண்டும் என்பது நம் கருத்து. மூட்டைக்கு இவ்வளவு என்று நம் முன்னோர் எடுத்துவைத்த சில்லறைதான் விருதுநகரில் காமராஜர் படித்த க்ஷத்திரிய வித்யாசாலையை நடத்தியது. ஒருவர் ஒரே நாளில் தந்த பெருந்தொகையால் அது நடக்கவில்லை. அமெரிக்காவில் கடை வைத்திருக்கும் நம்மவர்கள், எந்த நாட்டு வணிகர் சங்கத்தோடு சேர்ந்தாலும் சரி, மாதாமாதம் கல்லாவிலிருந்து ஒரு சிறு தொகையை இதற்கென எழுதி வைக்கலாம். வக்கீல் அமைப்புகளுக்கு மாதச் சம்பளக் கணக்குதான். அடுத்த மாதம் எவ்வளவு வரும் என்று தெரிந்தால்தான் இன்னொரு வக்கீலை அமர்த்த அவர்களுக்குத் துணிவு வரும்.

ஒன்றை மட்டும் முதலிலேயே தீர்த்துக்கொள்ள வேண்டும். பிணைத் தொகை யார் பெயரில் கட்டப்பட்டதோ அவர் பெயருக்கே திரும்பும். சங்கப் பணத்தைத் தனி ஆள் பெயரில் கட்டுவதானால், திரும்பியதும் எந்தக் கணக்கில் வரவு வைப்பது என்பதைக் கட்டுவதற்கு முன்பே எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுவது நல்லது.