ஆறு தடவை போகிறோம், தாயையும் கேட்போம்

சித்தூர், திருப்பதி ஆஷா, அங்கன்வாடித் தோழர்களே!

2021 மே 10 இரவு திருப்பதி ருயா மருத்துவமனையில் ஆக்சிஜன் தடைப்பட்டு 11 கொரோனா நோயாளிகளின் உயிர்கள் போயின. அந்தச் செய்தியை நிறைமாதக்காரியும் கேட்டாள், பிள்ளை பெற்றுப் படுத்திருந்தவளும் கேட்டாள். அவர்களுக்குத் தூக்கம் எப்படி வந்திருக்கும்?

அதே மாதம் ஒரு மகள் நகரியில், தாய் திருத்தணியில். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போக வேண்டியவள் மாமியார் வீட்டிலேயே கிடந்தாள். அப்போது இங்கே பகல் 12 மணிக்கே ஊரடங்கு. எல்லைக்கு அந்தப்பக்கம் தமிழ்நாட்டில் முழு ஊரடங்கு, பயணத்துக்கு இ-பதிவு. பத்தியம் பொங்கிப்போட அம்மாவால் வர முடியவில்லை. பிரசவ வார்டிலும் பல இடங்களில் துணைக்கு ஆள் விடவில்லை. தோழர்களே, ஊரடங்கில் தெருவில் நடக்க நம்மிடம் அடையாள அட்டை இருந்தது. அவள் அம்மாவிடம் இல்லை.

இந்தியாவில் பிரசவித்த நூறு பேரில் சுமார் 22 பேருக்கு மனச்சோர்வு என்கிறது, உலக சுகாதார நிறுவன இதழில் 2017-இல் வந்த ஆய்வுத் தொகுப்பு. அது கொரோனாவுக்கு முந்தைய கணக்கு!

பிள்ளை பிறந்த 3, 7, 14, 21, 28, 42-ஆம் நாட்களில் அந்த வீட்டுப்படி ஏறுவது நம் வேலை. குழந்தையை நிறுக்கிறோம், சூடு பார்க்கிறோம். இனி தாயையும் கேளுங்கள், மாமியார் காதில் விழாமல்: "தூக்கம் வருதாம்மா? காரணமில்லாம அழுகை வருதா? குழந்தையப் பாத்தா பயமா இருக்கா? செத்துப்போயிடலாம்னு தோணுதா?" பலமனேரில் தெலுங்கில் கேளுங்கள், சத்தியவேட்டில் தமிழில். முதல் சில நாள் அழுகை பலருக்கும் வருவதுதான். இரண்டு வாரம் தாண்டியும் நிற்காவிட்டால் 'பச்சை உடம்புக்காரிக்கு அப்படித்தான்' என்று சொல்லிவிட்டு வராதீர்கள், டாக்டரிடம் சொல்லுங்கள். யாருக்கும் கேட்காத குரல் அவளுக்குக் கேட்கிறதா, தன்னையோ பிள்ளையையோ ஏதாவது செய்துவிடுவேன் என்கிறாளா? பேயுமில்லை, காற்றுமில்லை. மந்திரிக்கக் கூட்டிப்போக விடாதீர்கள். ஒரு நிமிஷமும் தனியே விடாமல், அன்றைக்கே ஆஸ்பத்திரி.

ஏற்கெனவே எத்தனையோ வேலை நம் தலையில், இதுவுமா என்பீர்கள். நியாயம்தான். அதனால் இதைச் சும்மா செய்யப்போவதில்லை, நமக்கு வேண்டியதைக் கேட்டு வாங்கிக்கொண்டே செய்வோம். நாம் கேட்பவை: நமக்கு நல்ல முகக்கவசம். பிரசவ அறையில் அவள் விரும்பும் ஒரு துணை. ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் போனில் கிடைக்கும் ஒரு மனநல மருத்துவர். கொரோனா வந்தாலும் தாயும் சேயும் சேர்ந்திருக்கலாம், பால் கொடுக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்லியிருக்கிறது. காரணமின்றிப் பிரிக்கிற ஆஸ்பத்திரியில் அதை உரக்கச் சொல்வோம்.

42 நாள் முடியாத தாய்மார் பட்டியலை இன்று ராத்திரியே எடுங்கள். காலையில் முதல் வீட்டில் தொடங்குங்கள். நேரில் போக முடியாவிட்டால் போன் போடுங்கள். புருஷன் எடுத்தால் அவளிடம் கொடுக்கச் சொல்லுங்கள்.